காலண்டர் கமிட்டிச் செயலாளர்

ஆடி 18 அன்று ஊர்ப் பெண்கள் கலவைச் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். சிவகாசியில் அன்றைக்குக் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். அடுத்த வருஷத்து முருகனும் லட்சுமியும் பூக்கூடைக் குழந்தைகளும் மாதிரிப் புத்தகமாகி ஏஜென்டுகள் கைக்கு வந்துவிடுவார்கள். விவரம் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர்கள் அப்போதே பார்த்து ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலண்டர் கமிட்டிச் செயலாளர் மட்டும் அந்த நேரத்தில் பாதாளச் சாக்கடை விஷயமாக மாநகராட்சி ஆபீசுக்கு அலைந்துகொண்டிருப்பார். காலண்டர் நினைப்பு அவருக்குக் கார்த்திகை முடிகிற சமயத்தில்தான் வரும். வந்ததும் நேரே என் கடைக்கு வருவார்.

என்னுடையது மதுரையில் சின்ன டிசைன் கடை. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், காதுகுத்து நோட்டீஸ். அச்சடிக்கச் சிவகாசிக்கு அனுப்பிவிடுவோம். செயலாளர் என்று ஒரே ஆளைச் சொல்வதுபோல் சொன்னாலும் ஆள் ஒருவர் இல்லை. நகருக்கு ஒருவர் உண்டு. ஒருவரைப் பார்த்துவிட்டால் மற்றவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. மின்வாரியத்திலோ தொலைபேசித் துறையிலோ தாலுகா ஆபீசிலோ இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல், கக்கத்தில் போன வருஷத்துக் காலண்டர், சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது. சட்டைப் பையில் இரண்டு பேனா. நீலம் கையெழுத்துப் போட, சிவப்பு எனக்கு.

"போன வருஷம் மாதிரியே இருக்கட்டும் தம்பி" என்பார். நான் தலையாட்டி முடிப்பதற்குள், "ஆனா போன வருஷம் மாதிரி இருக்கக் கூடாது."

"எப்படி சார் வேணும்?"

"சிம்பிளா இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு ஃபைலின் ஜிப்பைத் திறப்பார். நிர்வாகிகள் போட்டோ. சங்கத்தின் முத்திரை, பதிவு எண். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகப் படம். பூங்காத் திறப்பு விழாவில் கவுன்சிலர் ரிப்பன் வெட்டியது. அவசரத் தொலைபேசி எண்கள். மழைநீர் சேகரிப்பு வாசகம், குப்பையைத் தரம் பிரிக்கும் வாசகம், நாயை வீட்டுக்குள் கட்டி வைக்கும் வாசகம். அப்புறம் விளம்பரங்கள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவிட்டு அவர் நிமிர்ந்ததும், கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுவேன்.

"தேதி சார்?"

"அதான் தம்பி, மிச்ச இடத்துல தேதி."

அளவு 15க்கு 20 அங்குலம். 20க்கு 30 தாளை நடுவில் வெட்டினால் இரண்டு வரும், கழிவு இல்லை. வீடு முந்நூறு, காலண்டர் முந்நூற்றைம்பது. ஆஃப்செட்டில் முந்நூற்றைம்பது அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான், நாலு கலர் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு பிளேட் போட்டாக வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தால், அட்வான்ஸ் கேட்கிறேன் என்று நினைத்துச் சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே, "ரெண்டு கலர்ல அடிச்சிட்டு நாலு கலர் மாதிரி காட்ட முடியாதா? இப்பதான் ஏ.ஐ. எல்லாம் வந்துருச்சே?" என்பார்.

கடைசியில் தாளில்தான் கை வைப்போம். பன்னிரண்டு தாள் ஆறாகும். முன்பக்கம் ஜனவரி முதல் ஜூன் வரை. ஜூலையில் காலண்டரைத் திருப்பி மாட்டினால் பின்பக்கம் டிசம்பர் வரை. இதில் ஒரே சிக்கல், ஜனவரியின் முதுகில் டிசம்பர் இருக்கும். மாதம் முடிந்ததே என்று ஜனவரித் தாளைக் கிழித்தால் வருஷக் கடைசியும் கூடவே போய்விடும். "யாரும் கிழிக்கக் கூடாதுன்னு கீழ ஒரு வரி போட்டுருங்க" என்றார். ஒரு வாசகம் கூடிற்று.

மேலே என்ன படம் போடுவது என்பதற்கு மட்டும் கமிட்டி மூன்று கூட்டம் போடும். கடைக்காரர்கள் சாமி படத்தைக் கேட்பதற்கு பக்தி மட்டும் காரணம் இல்லை. வருஷம் முடிந்தாலும் சாமியைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. கீழே கடைப் பெயரோடு சுவரிலேயே தங்கிவிடும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு (1898–1976) வரைந்து, சிவகாசி அச்சகங்கள் அடித்துக் குவித்த தெய்வங்களைக் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் வைத்த வீடுகள் எத்தனையோ. ஆனால் சங்கத்தில் எல்லா மதத்துக்காரர்களும் சந்தா கட்டுகிறார்கள். எனவே சாமி வேண்டாம் என்று ஒரு கட்சி. அப்படியானால் தலைவர்கள் படம் போடலாம், எந்தத் தலைவர் என்று இன்னொரு கூட்டம். சண்டையில்லாத படம் இயற்கைக் காட்சிதான் என்று முடிவாகி, செயலாளர் இரவு பதினொரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் குற்றாலம் அனுப்புவார்.

"சார், இது நயாகரா."

"தண்ணி தண்ணிதானே தம்பி."

"மேல கம்பெனி பேர் குறுக்கால ஓடுது சார். காசு கட்டி வாங்கணும்."

"லேசாத்தானே தெரியுது? அதுமேல தலைவர் போட்டோவ வெச்சிருங்க."

தலைவர் போட்டோ என்பது தனிக் கதை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 15க்கு 20இல் பெரிதாக்கினால் முகத்தில் மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். "டாக்குமென்டா அனுப்புங்க சார், அப்பதான் குவாலிட்டி குறையாது" என்று சொன்னேன். மறுநாள் காலையில் நிர்வாகிகள் எல்லாருடைய ஆதார் ஜெராக்ஸும் ஸ்டேபிள் அடித்து வந்துவிட்டது.

பிறகு அசல் போட்டோக்கள் வந்தன. பொருளாளருடையது அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்த பாஸ்போர்ட் சைஸ். மீசை கன்னங்கரேல் என்றிருந்தது. இப்போதுள்ள போட்டோவை வாங்கித் தாருங்கள் என்றால், "அதுதான் அவருக்குப் பிடிச்ச போட்டோ" என்பதோடு பேச்சு முடிந்தது. தலைவருடையது யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ. வெட்டி எடுத்த பிறகும் தோள்மேல் ஒரு கை மிச்சம் இருந்தது.

"அந்தக் கைய மட்டும் எடுத்துருங்க."

"தெரியாது சார், ஓரமாத்தானே இருக்கு."

"எல்லாருக்கும் தெரியும் தம்பி. அது முன்னாள் தலைவர் கை. மோதிரத்தைப் பாருங்க."

தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். துணைத் தலைவர்கள் ஒரு நூல் சின்னதாக. இணைச் செயலாளர்கள் இன்னும் ஒரு நூல். சொன்னதோடு விடாமல் ஃபைலிலிருந்து ஸ்கேலை எடுத்து என் மானிட்டர்மேல் வைத்து அளப்பார். நான் கண் பார்க்க வசதியாக ஜூம் பண்ணியிருந்தால், "இப்ப நல்லாப் பெருசா இருக்கே, இப்படியே விட்டுருங்க" என்பார். பெயர்களில் இன்னும் கவனம். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி, பட்டத்துக்குப் பின்னால் காற்புள்ளி, பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஓய்வு. அந்த 'ஓய்வு' மட்டும் முடிந்த மட்டும் சின்ன எழுத்தில்.

இத்தனைக்கும் பிறகு, 20 அங்குல உயரத்தில் தேதிக் கட்டங்களுக்கு மிஞ்சுவது ஏழு அங்குலம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெறும் வட்டம், பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, முகூர்த்த நாள். ராகு காலம் ஒருத்தர்தான் நமக்கு அனுசரணையானவர். திங்கள் 7.30 முதல் 9 வரை, சனி 9 முதல் 10.30 வரை என்று கிழமைக்கு ஒன்றாக நிலைத்துவிட்டதால் ஓரமாக ஏழே வரியில் அடங்கிவிடுவார். மற்றவர்கள் அப்படியில்லை. முதல் தெருவில் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள், நாலாவது தெருவில் திருக்கணிதம் பார்ப்பவர்கள். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29ஆம் தேதியே மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் பெயர்ச்சி. ஒரே சங்கத்தில், ஒரே சந்தாவில், பாதிப் பேருக்குச் சனி போயாகிவிட்டது, பாதிப் பேருக்கு இன்னும் பெட்டி கட்டவில்லை. எதைப் போடுவது என்று கேட்டேன்.

"ரெண்டையும் போட்டுருங்க தம்பி. யாருக்கு எது பிடிக்குதோ அதப் பாத்துக்கிறட்டும்."

ரம்ஜானுக்குப் பக்கத்தில் பிறை பார்த்து மாறலாம் என்று போட வேண்டும் என்பதை மூன்றாவது தெரு பாயிடம் நேரே போய்க் கேட்டு வந்து சொன்னவரும் இவர்தான். ஆளைக் குறை சொல்ல மனசு வராத இடங்கள் இப்படி நடுநடுவே வந்துவிடும்.

கட்டங்களில் பெரிய தகராறு மே மாதத்தில். 2026இல் மே 1 வெள்ளிக்கிழமை. ஞாயிறில் ஆரம்பிக்கும் காலண்டரில் மே 31 ஆறாவது வரிசைக்குத் தனியாகப் போய் நிற்கும். ஆகஸ்ட் 1 சனிக்கிழமை. அங்கே 30, 31 இரண்டும் கீழே இறங்கிவிடும். இந்தத் தேதிகளை மேல் வரிசை 23, 24 ஆகியவற்றோடு சாய்வுக் கோடு போட்டு ஒரே கட்டத்தில் குடிவைக்கலாம் என்றால், அந்தக் கட்டத்தில் இரண்டு நட்சத்திரம், இரண்டு திதி. ஆறாவது வரிசை போட்டால் விளம்பரத்தின் உயரத்தில் வெட்டு விழும். செயலாளர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மானிட்டரையே பார்த்தார்.

"முப்பத்தொண்ணு ஒண்ணுதானே தனியா நிக்குது? அத ஜூன்ல சேத்துக்கிட்டா என்ன?"

ஆனால் பிப்ரவரியைக் காட்டினேன், முகம் மலர்ந்துவிட்டது. 2026 பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை பிறந்து சனிக்கிழமை முடிகிறது. கச்சிதமாக நாலே வரிசை. ஒரு வரிசை இடம் மிச்சம். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தைப் பல் டாக்டரிடம் விற்றுவிட்டார். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அவருக்குக் கவலை இல்லை, வருஷம் பூரா லீவு. கமிட்டியில் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதை நான் அங்கே கொண்டுபோய் வைத்ததாக நினைத்து என்னைப் பார்த்தார்கள்.

கலருக்கு வருவோம். 2026 சட்டமன்றத் தேர்தல் வருஷம். "எந்தக் கட்சி வாடையும் வந்துறக் கூடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். கறுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வந்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி என்பது எனக்கும் தெரியும். காவி, பச்சை, நீலம், மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கி, தலைப்புக்கு யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாக்குக் கலரைப் பிடித்தேன். ப்ரூஃபைப் பொருளாளர் கையில் கொடுத்ததும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். கறுப்பில் தேதி, வெள்ளைத் தாள், சிவப்பில் ஞாயிறு. "கொடி மாதிரி இருக்கே" என்றார். தமிழ்நாட்டில் அச்சான காலண்டர் எல்லாம் அப்படித்தான் இருக்கிறது, கட்சிகள் பிறப்பதற்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. தேதிகள் கருநீலமாயின.

இதையெல்லாம் விளையாட்டாகச் சொல்லிவிடலாம். விளம்பரத்துக்கு இடம் ஒதுக்குவதில்தான் அவருடைய மெய்யான திறமையைப் பார்த்தேன். கடைகளின் விசிட்டிங் கார்டுகளை எல்லாம் என் மேஜைக் கண்ணாடிமேல் அடுக்கினார். பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று யோசிக்கிற பெண் வீட்டுப் பெரியவரின் முகம் அவருக்கு வந்துவிட்டது. இந்த இரண்டு மளிகைக் கடையும் அண்ணன் தம்பி. பாகம் பிரிந்தபிறகு பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் மார்ச் என்றால் தம்பி ஏப்ரலாக இருக்கக் கூடாது, தாளைத் தூக்கும்போது அடுத்தடுத்து வருவார்கள். ஸ்வீட் ஸ்டாலுக்குக் கீழே பல் டாக்டர் வேண்டாம், ஜனங்கள் சிரிப்பார்கள். ஜிம்முக்கும் பரோட்டா கடைக்கும் ஆட்சேபம் இல்லை, முதலாளி ஒருவரே. ரியல் எஸ்டேட்காரர் மேலே கேட்பார். கொடுக்கலாம், ஆனால் அவர் மனையில் ரோடு போடாத விவகாரம் தீரும்வரை தலைவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

ஒரு கார்டு மட்டும் கையிலேயே இருந்தது. ஃபிரீசர் பாக்ஸ், அமரர் ஊர்தி, 24 மணி நேர சேவை. எல்லாரையும்விட அதிகம் கொடுத்தவர் அவர்தான். கேட்ட அன்றே, ரொக்கமாக. ஆனால் எந்த மாதத்தில் போடுவது? தை கல்யாண மாதம். ஆவணியும் அப்படியே. ஆடியில் வேண்டாம், ஏற்கெனவே ஆடி. செப்டம்பரில் தலைவருக்குச் சதாபிஷேகம். டிசம்பர் என்றால் வருஷம் முடியும்போது இது என்ன என்று கேட்பார்கள். பன்னிரண்டு மாதத்தையும் விரலில் எண்ணிவிட்டுக் கடைசியில் கார்டை அவசரத் தொலைபேசி எண்கள் இருந்த பட்டியலுக்குக் கீழே வைத்தார். போலீஸ் 100. தீயணைப்பு 101. ஆம்புலன்ஸ் 108. முதியோர் உதவிக்கு 14567. அப்புறம் இது.

"வரிசை சரியாத்தான தம்பி இருக்கு?"

மறுக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பின்பக்கத்து மாதங்களை யாரும் வாங்க மாட்டார்கள் என்று நான் பயந்தேன். ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்க யார் காசு கொடுப்பார்கள்? அவர் ஒவ்வொரு கடையிலும் போய் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: "முன்பக்கம் எதுக்கு அண்ணாச்சி? ஆடித் தள்ளுபடி, ஆயுதபூஜை, தீபாவளி எல்லாம் பின்பக்கத்துலதான வருது. வியாபாரம் அங்கதான இருக்கு?" பின்பக்கம் முதலில் தீர்ந்தது. ஏப்ரலையும் ஜூனையும் தள்ளத்தான் சிரமப்பட்டார்.

ப்ரூஃப் பார்க்கும் கட்டத்தில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடும். அவர் அனுப்பும் வாசகம் யூனிகோடு, என் மென்பொருளில் கிடப்பது பாமினி. மாற்றும்போது 'ஸ்ரீ' எங்காவது கட்டமாகிவிடும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் சிவப்புப் பேனா விழும். கமிட்டியில் யாருக்கு என்ன கோபம் என்று அவர் வாய் திறந்து சொன்னதே இல்லை. "கமிட்டி ஃபீல் பண்ணுது" என்பார், அவ்வளவுதான். போனில் எதிர்முனைக் கத்தல் எனக்கே கேட்கும்; இவர் "ஆகட்டும் சார், ஆகட்டும் சார், மாத்திருவோம் சார்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும், "ஒண்ணும் மாத்த வேண்டாம் தம்பி, சும்மா ஒரு நாள் கழிச்சு அதையே அனுப்புங்க" என்பார். அனுப்பினால், "இப்ப சரியா இருக்கு" என்று குரூப்பில் கட்டைவிரல் வரும். தாலுகா ஆபீஸ் அனுபவம் என்றால் சும்மாவா.

இத்தனை பேர் பார்த்தும் தேதிக் கட்டங்களை ஒருவரும் படிக்கவில்லை. கிழமை சரியா, தமிழ்த் தேதி சரியா, பிரதோஷம் சரியா என்று நானும் என் மனைவியும் இரவில் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தோம். அவள்தான் கேட்டாள்: "பால்காரர் வராத நாளை எங்கே எழுதுறது? இடமே இல்லையே?"

காலண்டர் சிவகாசியிலிருந்து ஜனவரி 10ஆம் தேதி காலையில் வந்து இறங்கிற்று. தகரம் அடித்து, வளையம் மாட்டி, ஐம்பது ஐம்பதாகக் கட்டு. செயலாளர் முதல் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். மை வாசனை அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு நேரே ஜனவரி மாதத்துக்குக் காசு கொடுத்த பாத்திரக் கடைக்குப் போனார். பில் பாக்கி வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் காலண்டரைப் பிரித்துப் பார்க்கவில்லை. தேதியைத்தான் பார்த்தார்.

"மாசத்துல மூணுல ஒரு பங்கு போயிருச்சு. எனக்குக் காசக் குறைச்சுத் தாங்க."

"என்ன அண்ணாச்சி, பத்துல ஒண்ணு இன்னிக்கு, அது இருக்கு. மிச்சம் ஒம்போது. அதுல ஒண்ணாந்தேதி லீவு. நாலாந்தேதி ஞாயித்துக்கெழமை, நீங்க கடையே தொறக்கல. ஏழு நாளைக்கா கணக்குப் பாப்பீங்க? பொங்கப் பான விக்கிறது இனிமத்தான?"

"கணக்குன்னா கணக்குதான்."

செயலாளர் கொஞ்சம் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, யார்கிட்டயும் சொல்லிக்கிறாதீங்க. அடுத்த வருஷம் மே மாசத்த உங்களுக்கே ஒதுக்கிர்றேன். ஆறு வரிசை மாசம். மத்த மாசமெல்லாம் அஞ்சு வரிசைதான். அதே காசுக்கு ஒரு வாரம் அதிகமா வருது."

கடைக்காரர் யோசித்தார். ஆறு வரிசை மாதத்தில் விளம்பரம்தான் சுருங்கும் என்பதை நான் சொல்லவில்லை. பில் பாக்கி இருந்தது.

"2027லயும் மே ஆறு வரிசைதான தம்பி?" என்று செயலாளர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஆமா சார். சனிக்கிழமை பிறக்குது. ஆறேதான்."